வைக்கோல் தூசி: இல்லை

இன்றைக்கும் ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போட நேர்ந்தால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் தயங்குகிறேன். இங்கே சிங்கப்பூரில் பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவமாக இருந்தாலும் சரி, வங்கிக் காகிதமாக இருந்தாலும் சரி. பின்னால் ஒருவர் நின்றுகொண்டு, "இத நீ பாத்தியா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்ப்பதில்லை. யார் என்று தெரியும்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையில், மருந்துக்கடை ஒன்றின் மாடியில், காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் மருத்துவமனை வைத்திருந்தார். பி.காம். முடித்து, தட்டச்சில் ஹையர் தேறி, வரன் அமையும்வரை சும்மா இருப்பானேன் என்று நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அலர்ஜி டெஸ்ட் என்பது அப்போது ஊருக்குப் புதிது. விடிந்தால் தும்மல், மூக்கு ஒழுகல், கண் அரிப்பு என்று வருகிறவர்களுக்குக் காற்றில் இருக்கும் எந்தத் தூசி ஆகவில்லை என்று தோலில் குத்திப் பார்த்துச் சொல்லும் சோதனை. அதைச் செய்தவர்தான் அக்கா. பெயர் வேண்டாம். நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நோயாளிகள் "குத்துற அம்மா" என்பார்கள்.

முன்கையின் உட்பக்கத்தில் பேனாவால் எண்கள் எழுதுவார். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு. ஒன்றில் வீட்டுத் தூசி, ஒன்றில் கரப்பான், ஒன்றில் அறுகம்புல் மகரந்தம், ஒன்றில் சீமைக்கருவேலம் என்று இரண்டு கையிலுமாக முப்பது. சொட்டின் மேல் ஊசி முனையால் பட்டும் படாமல் ஒரு குத்து. ரத்தம் வராது. பிறகு பதினைந்து நிமிஷம் கையை ஆட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எது ஆகாதோ அந்த இடம் கொசு கடித்ததுபோல் தடித்து எழும்பும். அக்கா அந்தத் தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்து, மேலே செல்லோடேப்பை அழுத்தி எடுத்து அட்டையில் ஒட்டுவார். கோடு டேப்போடு வந்துவிடும். அதை ஸ்கேல் வைத்து அளந்து சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்வேன். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் உண்டு. இரண்டே முக்கால் என்றால் இல்லை.

"கால் மில்லிமீட்டர்தானேக்கா, உண்டுன்னு போட்டுடலாமே" என்று ஆரம்பத்தில் ஒருநாள் சொன்னேன்.

"இருக்கறதத்தான் எழுதணும்" என்றார். அவ்வளவுதான். நாள் முழுக்க அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

மனிதர்களின் முகம் அவருக்கு நினைவிருக்காது. சாலையில் யாராவது வணக்கம் சொன்னால் விழிப்பார். "அதாங்க்கா, கரந்தை வாத்தியார்" என்று நான் எடுத்துக்கொடுத்தால், "ஓ, கரப்பான் ஒம்பது" என்று முகம் மலரும். என் கையிலும் குத்திப் பார்த்தார். எனக்கும் கரப்பான்தான் வந்தது, ஐந்து மில்லிமீட்டர். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை டார்ச் லைட்டோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா காபி போடப் போனவள் திரும்பிப் பார்த்தால் அக்கா அடுப்புமேடைக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். "சிலிண்டருக்குப் பின்னால ஒரு ஊரே குடியிருக்கு" என்றார் வெளியே வந்து. அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் இடத்தைச் சுத்தம் செய்த பிறகு எனக்குக் காலைத் தும்மல் நின்றது உண்மை.

பொய்யை அவர் கண்டுபிடிக்கும் விதம் வேடிக்கையாக இருக்கும். முப்பதாவது சொட்டு யாருக்குப் போட்டாலும் எழும்பியே தீர வேண்டியது. எழும்பவில்லை என்றால் அந்த ஆள் தும்மல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். நாகூரிலிருந்து வந்த ஒரு துணிக்கடைக்காரருக்கு எழும்பவில்லை.

"மாத்திரை போட்டீங்களா?"

"ஆண்டவர் மேல ஆணையா போடலம்மா."

"நானும் நாகூர்தான். ஆண்டவர எதுக்கு இழுக்குறீங்க? நேத்து போட்டிருக்கீங்க. உங்க கை சொல்லுது."

அவர் சிரித்துவிட்டார். "மகளுக்கு நிக்காஹ் பேச வந்திருந்தாங்க. தும்மிக்கிட்டே எப்புடிம்மா உக்கார்றது?"

"நல்ல காரியந்தான். பத்து நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அக்காவுடைய கணவர் குவைத்தில் வேலை பார்த்தவர். அங்கே சண்டை வந்தபோது பல மாதம் அவரிடமிருந்து தகவல் இல்லை. ஒருவர் வந்து, இறந்துவிட்டார் என்றாராம். இன்னொருவர், முகாமில் பார்த்ததாகச் சொன்னவரைத் தெரியும் என்றாராம். வீட்டில் எல்லோரும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். அக்கா எதையும் செய்யவில்லை. பம்பாயிலிருந்து கணவரே போன் செய்த பிறகுதான் உட்கார்ந்து அழுதாராம். இதை அவர் கணவர்தான் எனக்குச் சொன்னார். கீழவாசலில் சின்னதாக ஒரு கேசட் கடை வைத்திருந்தார். "நான் செத்தத நம்பாதவ, நான் இருக்கேன்னு சொன்னதையும் நம்பல" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், குடவாசல் பக்கத்து விவசாயி ஒருவருக்குப் பதினான்காம் எண் ஆறு மில்லிமீட்டர் எழும்பியது. பதினான்கு என்றால் வைக்கோல் தூசி. "காலங்காலமா வைக்கோல்லயே பொரண்ட குடும்பம்மா. சும்மா தூசின்னு மட்டும் எழுதுங்க, ஊர்ல சிரிப்பாங்க" என்று கெஞ்சினார். அக்கா மாற்றவில்லை. அறுவடைக் காலத்தில் ஊரில் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கும்பகோணத்தில் மகள் வீட்டுக்கே போய்விட்டார். தஞ்சாவூரில் ஒரு அம்மா கையில் குத்திப் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஊரை விட்டே போகச் சொல்லிவிடுவார்கள் என்று அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பேச்சுப் பரவியது.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அந்தப் பெண் வந்தாள்.

தை மாதக் கடைசி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மாமியாரோடு வந்தாள். கணவர் சவுதியில், தம்மாமில். கல்யாணமாகி ஒன்றரை மாதத்தில் போனவர், மூன்று வருஷமாக வரவில்லை. வீடு நெல் களத்தை ஒட்டி. காலையில் எழுந்தால் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, முகமே வீங்கியிருக்கிறது என்றாள் மாமியார். "பய போன்ல கேட்டு ஒரே கவலைப்படுறான். செலவப் பாக்காதீங்க, பெரிய டாக்டர்ட்ட காட்டுங்கன்னான்" என்றாள். கெட்டவளாகத் தெரியவில்லை. மருமகளின் கைப்பையைத் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள்.

சோதனை அறைக்குள் கூட வருகிறவர்களை விடுவதில்லை. மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அக்கா சொட்டுகள் வைத்து, குத்தி முடித்து, கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு டாக்டர் கூப்பிட்டார் என்று அந்தப் பக்கம் போனார். அறையில் அவளும் நானும் மட்டும். நான் தட்டச்சு இயந்திரத்தில் காகிதம் சொருகிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இதுல வைக்கோல் எது?" என்றாள்.

"பதினாலு. ஏன்?"

"சும்மாதான்." கையிலிருந்த எண்களைப் பார்த்தபடியே, "எங்க அம்மா வீடு வேதாரண்யம். அங்க வைக்கோலே கெடையாது. உப்பளந்தான்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தும்மல்லாம் இல்லக்கா. அழுதா மூஞ்சி வீங்குது. அதப் பாத்துக் கேட்டாங்க. தூசி ஒத்துக்கலன்னு சொல்லி வச்சேன்."

"ஏன் அழணும்?"

"கொழுந்தன். அத்தை களத்துக்குப் போனதும் வந்துடுறான். ரூம் தாழ்ப்பாளக் கழட்டி வச்சிருக்கான்."

அவள் சொன்னது அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை. கடையில் சாமான் சொல்வதுபோல் சொன்னாள். "வீட்டுக்காரருக்கு எழுதலாமே" என்றேன்.

"போன்ல அத்தைதான் பேசும். நான் கேசட்லதான் பேசி அனுப்பணும். எல்லாரும் சுத்தி உக்காந்திருப்பாங்க. அவன்தான் டேப்ப அமுக்குவான்."

இதைச் சொல்லிக்கொண்டே அவள் வலதுகைக் கட்டைவிரல் நகத்தால் இடது முன்கையில் பதினான்காம் எண்ணுக்குப் பக்கத்தில் அழுத்தி அழுத்திக் கீறினாள். நான் பார்த்தேன். தடுக்கவில்லை. அது எழும்ப வேண்டும் என்றே நானும் நினைத்தேன்.

அக்கா வந்தார். நேரம் பார்த்தார். கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முப்பதாம் எண் நன்றாக எழும்பியிருந்தது. மற்றவை எல்லாம் வெறும் தோல். பதினான்கு மட்டும் சிவந்து, நகம் பட்ட தோல் உரிந்து கிடந்தது.

"கீறினியாம்மா?"

அவள் கட்டைவிரலை மடக்கி மறைத்தாள்.

"கீறுனா செவக்கும். எழும்பாது." ஈரத் துணியால் துடைத்து, இன்னும் பத்து நிமிஷம் காத்திருந்து, மறுபடி ஸ்கேலை வைத்தார். ஒன்றுமில்லை.

அப்போது அவள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஆறுன்னு எழுதுங்கக்கா. எங்க ஊருக்காரருக்கு எழுதுன மாதிரி. எழுதிட்டா அத்தையே கொண்டுபோய் அப்பா வீட்டுல விட்டுடும். அவரு வர்ற வரைக்கும் அங்க இருந்துக்குவேன்."

"என்ன நடக்குது ஒங்க வீட்டுல?"

அவள் என்னைப் பார்த்தாள். என்னிடம் ஒருமுறை சொன்னதை அவளால் இன்னொரு முறை சொல்ல முடியவில்லை என்று தோன்றியது. "அங்க ஒருத்தர் இருக்காரு. ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா மறு கையால் மேசையிலிருந்த வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஒங்க அப்பாவுக்கு ஒரு லெட்டர் எழுது. இப்பவே எழுது. நானே தபால்ல போடுறேன்" என்றார்.

"அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. டீக்கடையில குடுத்துத்தான் படிக்கச் சொல்லுவாரு. ஊர் பூரா தெரிஞ்சுடும். வேணாங்க்கா. ஆறுன்னு எழுதுங்க, போதும்."

"இல்லாதத நான் எழுத முடியாதும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் கையை அவள் பிடியிலிருந்து எடுக்கவும் இல்லை. அவளே விட்டுவிட்டாள்.

அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பதினான்கு, வைக்கோல் தூசி, நெகட்டிவ். அந்த இடத்தில் என் விரல் ஒரு கணம் நின்றது. ஆறு என்ற எண் அங்கேயே இருந்தது, ஒரு விரல் தூரத்தில். அடித்திருந்தால் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். அக்காவைப் பார்த்தேன். அவர் அட்டையில் டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். நெகட்டிவ் என்றே அடித்தேன்.

டாக்டர் அறிக்கையைப் படித்துவிட்டு, ஒன்றும் இல்லை, சத்துக் குறைவுதான் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். மாமியாருக்கு உண்மையாகவே சந்தோஷம். "நல்லவேள. பயந்துகிட்டே வந்தேன். வா, போற வழியில பூ வாங்கித் தாரேன்" என்று மருமகளின் தோளைத் தட்டிக்கொண்டு படியிறங்கினாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

வைகாசியில் ஒருநாள் காலை நான் போய்க் கதவைத் திறக்கும்போதே படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒட்டி உலர்ந்த ஆள். துணிக்கடைப் பையில் எதையோ சுருட்டி மடியில் வைத்திருந்தார். அக்கா வந்ததும் எழுந்து நின்று அதைப் பிரித்துக் கொடுத்தார். எங்கள் அறிக்கைதான்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

அக்கா வாங்கிப் பார்த்தார். பெயரைப் படித்தும் அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

"இவங்க யாருங்க ஒங்களுக்கு?"

"எம் பொண்ணும்மா. எறந்துட்டா. இருபது நாளாச்சு. மூச்சுத் தெணறி எறந்துட்டான்னு தந்தி குடுத்தாங்க. பஸ் மாறி மாறி நான் போறதுக்குள்ள எரிச்சிட்டாங்க. ரொம்ப நாளா இழுப்பு, தஞ்சாவூர்லகூடக் காட்டுனோம்னாங்க. அவ சாமானக் கட்டிக் குடுத்ததுல இந்தக் காயிதம் இருந்துச்சு. எங்கிட்ட இருந்த வரைக்கும் அவளுக்குத் தும்மல்கூட வந்ததில்ல. அவ சீக்காளின்னு இதுல எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அக்கா அட்டைப்பெட்டியைத் திறந்து அந்தப் பெண்ணின் அட்டையைத் தேடி எடுத்தார். முப்பதாம் எண்ணின் வட்டம் ஒன்று மட்டும் நீல மையில் டேப்புக்குள் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அவள் யார் என்று தெரிந்தது. அவர் உட்கார்ந்ததை நான் அன்றுதான் வேலை நேரத்தில் பார்த்தேன்.

"எழுதலீங்க. ஒங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் எழுதியிருக்கு" என்றார்.

அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "அதான். அதான் நானும் சொன்னேன்."

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும். பெண்ணின் அப்பா மனுக் கொடுத்திருந்தார். அக்கா சாட்சி சொல்லப் போவதாகச் சொன்னார். டாக்டருக்குப் பிடிக்கவில்லை. "கேட்டா ரிப்போர்ட்டக் குடுப்போம். நாமளா எதுக்குப் போகணும்?" என்றார். அக்கா விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

போவதற்கு முதல்நாள் என் மேசைக்கு வந்தார். "நான் டாக்டர் ரூமுக்குப் போயிருந்தப்ப அந்தப் பொண்ணு ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்லக்கா" என்றேன்.

பத்து நாள் முன்புதான் எனக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தோம். அப்பாவிடம் முந்தின நாளே மெல்லச் சொல்லிப் பார்த்திருந்தேன். "கொலையா என்னன்னே தெரியல. கல்யாணப் பொண்ணு அங்க போய் நின்னா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க? ஒனக்கு ஒண்ணும் தெரியாது, அவ்வளவுதான்" என்றார். அப்பா மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

விசாரணை முடிந்து வந்த அக்கா, கேட்டதையும் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் ஒப்பித்தார். அதிகாரி நல்லவராம். நாற்காலி போடச் சொன்னாராம்.

"இந்தச் சோதனையில இல்லன்னா மூச்சு வியாதியே இல்லன்னு அர்த்தமாம்மா?"

"இல்லீங்க. இதுல வராமலும் இழுப்பு இருக்கலாம்."

"அந்தப் பொண்ணு ஒங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் இருக்காரு, ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லன்னு சொன்னா."

"யாருன்னு சொன்னாங்களா?"

"சொல்லலீங்க."

"என்ன செஞ்சாருன்னு?"

"சொல்லலீங்க."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க?" என்று கேட்டாராம். "நான் நெனைக்கிறத எழுதுறதுக்கு இல்லீங்க" என்று சொன்னாராம் அக்கா.

உடம்பு இல்லை. பார்த்தவர் இல்லை. இழுப்பு இருந்திருக்கலாம் என்று எங்கள் பக்கத்துச் சாட்சியே சொல்லிவிட்டார். ஆதாரம் போதவில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். வெளியே வந்ததும் அந்தத் தகப்பன் அக்காவிடம், "நீங்க உள்ளதத்தானேம்மா சொன்னீங்க" என்றாராம். அதையும் சேர்த்தே ஒப்பித்தார். பிறகு கை கழுவப் போனார். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அக்காவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எந்தப் பெண் சோதனைக்கு வந்தாலும், குத்தி முடித்துக் கதவைச் சாத்திவிட்டு, "வீட்டுல ஒங்க ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?" என்று கேட்பார். கல்லூரிப் பெண்ணோ, பேரன் எடுத்தவளோ, எல்லோரிடமும். தூசி உள்ளே வருமா என்று கேட்பதாக நினைத்துச் சிலர், "கதவு நல்லா சாத்துமுங்க" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். திருவையாற்றுப் பெண் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டார். பதினைந்து நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. அன்று கையிலிருந்த சொட்டெல்லாம் காய்ந்து வீணாகிவிட்டன. டாக்டர் சத்தம் போட்டார். "டெஸ்ட் எடுக்கத்தான் சம்பளம். வீட்டுக் கதையெல்லாம் நமக்கெதுக்கு?"

ஆவணியில் எனக்குக் கல்யாணம். அக்கா வந்தார். என் கையில் மொய்க் கவரைக் கொடுத்தபோது முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பக்கத்திலிருந்த யாரையோ அறிமுகப்படுத்தினேன். அடுத்த வருஷம் டாக்டர் அவரை நிறுத்திவிட்டதாகத் தங்கை கடிதத்தில் எழுதியிருந்தாள்.

சிங்கப்பூரில் என் வீட்டில் எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் உண்டு. முதல் சில வருஷம் அதைப் பார்க்கும்போதெல்லாம் விரலால் தொட்டுப் பார்ப்பேன். கணவர் என்னவென்று கேட்டால், "லூசா இருக்கான்னு பாத்தேன்" என்பேன். அவரிடமும் சொன்னதில்லை. குழந்தைகள் பிறந்தார்கள். பெண் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. டாக்டர் தோலில் குத்திப் பார்க்கலாம் என்றார். குழந்தையின் கையில் எண்கள் எழுதுவதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, அப்பாவின் காரியத்துக்காக ஊருக்கு வந்தபோது பழைய பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கையை நீட்டி, "கரப்பான் அஞ்சுக்கா" என்றேன். கண் சிரித்தது. பழக்கடை ஓரமாக நின்று பேசினோம். அவர் கணவர் தவறிவிட்டிருந்தார். ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்.

சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் பேச்சை எடுக்கவில்லை. தானாகவே வந்துவிட்டது. "அக்கா, அன்னைக்கு அந்தப் பொண்ணு எங்கிட்ட சொன்னா."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"கேட்டதும் இல்லன்னே. நாலு மாசத்துக்கு முந்துனது, யோசிக்கக்கூட இல்ல."

"அப்ப ஏன் அங்க என் பேரச் சொல்லல?"

"நீ இல்லன்னுதானே சொன்னே. நீ சொன்னதத்தான் நான் சொல்ல முடியும்."

பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "அவ அப்பா இன்னும் இருக்காரு. வருஷத்துக்கு ஒருதரம் போய்ப் பாக்குறேன். கேசெல்லாம் இனிமே ஒண்ணும் இல்ல. அவ சீக்குல சாகலன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா வச்சுக்கலாம்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. நான் கேட்டதத்தான் நான் எழுத முடியும். நீ எழுதுறியா?"

அங்கேயே கடையில் தாள் வாங்கி எழுதினேன். அக்கா படித்தார். 'அவள் மிகவும் பயந்திருந்தாள்' என்ற வரியில் விரலை வைத்தார். "அவ அப்படிச் சொன்னாளா?"

"இல்லக்கா. ஆனா..."

"அப்ப அத அடிச்சுடு."

அடித்தேன். மிஞ்சியது அவள் சொன்னது மட்டும். கொழுந்தன். அத்தை களத்துக்குப் போனதும். தாழ்ப்பாள். அம்மா வீட்டில் வைக்கோல் கிடையாது. ஒரு பக்கம்கூட வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் இருவரும் திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போனோம். அவள் அப்பா உப்பளத்து வேலையை விட்டிருந்தார். கண்ணில் புரை. கட்டிலில் உட்கார்ந்தபடியே நான் படிக்கப் படிக்கக் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவ படிம்மா" என்றார். படித்தேன். தாளை வாங்கி மடித்து, தலையணை உறைக்குள் வைத்தார். பிறகு நான் இருந்த திசையில் முகத்தைத் திருப்பி, "அன்னைக்கு என்னையப் பத்தி ஏதும் சொன்னாளாம்மா? அப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போகலன்னு கோவமா இருந்தாளா?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கத்தில்தான் இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கத் துணிவில்லை.

"கோவமெல்லாம் இல்லப்பா" என்றேன். "எங்க அப்பாட்ட போயிட்டா எனக்கு எல்லாம் சரியாயிடும்னு சொன்னா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா திருத்துவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து பெரியவர் கையில் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் திருத்துறைப்பூண்டியைத் தாண்டியது. அறுவடை முடிந்த வயல்களிலிருந்து தூசி வந்தது. யாரோ பின் இருக்கையில் தும்மினார்கள்.

"அது அவ சொல்லல" என்றார்.

"ஆமாக்கா."

தலையை ஆட்டினார். கோபம் இல்லை. என் பக்கம் திரும்பாமலேயே, வெகு நேரமாக யோசித்து வைத்திருந்ததுபோல் சொன்னார்.

"இல்லாதத எழுத எனக்கு அன்னைக்கு வரலியே."